பொம்மை மிஸ் பெயிலாக்கிய மூன்று பேர்

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரைக்கும் இந்தக் கரையில் கண்டிப்பான ஆட்கள் எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு பிளாஸ்டிக் பிள்ளைக்கு ஹெல்மட் போட்டு, சால்வையால் தன் முதுகோடு சேர்த்துக் கட்டி, ஸ்கூட்டியில் கொண்டு திரிந்த ஒரே ஆள் பொம்மை மிஸ்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்னொருவர் இருந்திருந்தால் பாலாவிச் சந்திப் பொலிஸ்காரர் அன்றைக்கு அவ்வளவு பதறியிருக்க மாட்டார்.

முதுகில் இருந்த பிள்ளையின் தலை ஒரு பக்கமாகத் தொங்குவதைக் கண்டு அவர் ஸ்கூட்டியை மறித்தார். பிள்ளைக்கு என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

"பிள்ளைக்கு மூச்சு இல்லை" என்று மிஸ்ஸும் சிங்களத்தில் பதில் சொன்னார்.

சொன்னது முழு உண்மை. பொய் சொல்லத் தெரியாத ஆள். பொலிஸ்காரர் விசில் அடித்து, வெங்காய லொறி ஒன்றையும் இரண்டு பஸ்களையும் நிற்பாட்டி வழி எடுத்துக் கொடுத்தார். மிஸ் அந்த வழியில் போகவில்லை. இறங்கி, சால்வையை அவிழ்த்து, பொம்மையைத் தெருவோரத்தில் மல்லாத்தி வைத்துவிட்டு, "சரி, முதலில் வந்த ஆள் நீங்கள்தான். இனி என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். கால் மணித்தியாலம் கழித்து அந்த வழியால் வந்தவர்கள், தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு முழந்தாளில் நின்று பொம்மையின் நெஞ்சை அழுத்தி எண்ணிக்கொண்டிருந்த ஒரு பொலிஸ்காரரைக் கண்டார்கள். வியர்வை ஒழுக ஒழுகச் செய்தாராம்.

அவரும் பெயில்.

பொம்மை மிஸ்ஸுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். சான்றிதழ்களில் அது கையெழுத்தாக இருக்கிறது. ஆனால் அந்தக் கையெழுத்தை இதுவரை ஒருவரும் வாசித்து முடிக்கவில்லை. சிலாபத்துக்குக் கிட்ட, முன்னேஸ்வரம் பக்கத்துப் பிள்ளை. வயது இருபத்தேழு. என் தோளுக்குக்கூட வரமாட்டார். கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டொப்வாச் தொங்கும். பிள்ளைகளைப் பராமரிக்கிறவர்களுக்கு முதலுதவி பழக்கிப் பரீட்சை வைப்பது அவருடைய வேலை. எனக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. என்னை அன்ரி என்று மரியாதையாகக் கூப்பிட்டுத்தான் பெயிலாக்குவார்.

எங்கள் பராமரிப்பு நிலையம் நுரைச்சோலையிலிருந்து பள்ளிவாசல்துறைப் பக்கமாகப் போகும் வழியில் இருக்கிறது. முப்பத்திரண்டு பிள்ளைகள். தாய்மாரில் பாதிப் பேர் கருவாட்டு வாடியில் மீன் வெட்டுகிறவர்கள். மிச்சப் பேர் வெங்காயத் தோட்டத்துக்குப் போகிறவர்கள். பொறுப்பாளர் நான், ரோசி. பிள்ளைகளைப் பார்ப்பது ஃபரீதா. சமையல் கனகம் அக்கா. உடப்பில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து வளர்த்துவிட்ட பிள்ளைகள் இன்றைக்கு வள்ளம் ஓட்டுகிறார்கள். எங்களுக்கு இனி என்ன பழக்க இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தோம்.

அப்போது ஒரு கடிதம் வந்தது. முதலுதவிப் பரீட்சையில் சித்தியடைந்தவர்கள் இரண்டு பேராவது இல்லாத நிலையத்தில் பிள்ளைகளை வைத்திருக்கக் கூடாது. மூன்று மாதத் தவணை. அதற்குள் முடியாவிட்டால் நிலையத்தை மூட வேண்டும். வாசித்து நான் கலங்கவில்லை. என்னுடைய அலுமாரியில் ஏற்கெனவே பதினொரு சான்றிதழ்கள் இருந்தன. தேனீ வளர்ப்புக்கு ஒன்று, தலைமைத்துவத்துக்கு இரண்டு. போய் இருந்தால் போதும்; அரை நாளில் கையில் தந்துவிடுவார்கள்.

பொம்மை மிஸ் வந்து இறங்கினார். முதலில் பொம்மையின் ஹெல்மட்டைக் கழற்றினார். பிறகு தன்னுடையதைக் கழற்றினார். ஃபரீதா பரிவோடு கிட்டப் போய், "மிஸ், இந்தப் புள்ளைக்கி என்ன பேரு?" என்று கேட்டாள்.

"நோயாளி."

"அது பேரா மிஸ்?"

"அதுக்கு ஒரு நாளும் சுகம் வராது. வேற என்ன பேர் வைக்கிறது?"

முதல் நாள் வகுப்பில் மிஸ் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் 'செய்ய வேண்டியவை', மறுபக்கம் 'செய்யக் கூடாதவை' என்று எழுதினார். பிறகு, இத்தனை வருஷமும் நாங்கள் என்னென்ன செய்தோம் என்று கேட்டார். நாங்களும் பெருமையாகச் சொன்னோம். சுட்டால் பற்பசை பூசுவோம். வெட்டினால் கோப்பித்தூள் வைத்து அமத்துவோம். மூக்கால் இரத்தம் வந்தால் தலையைப் பின்னுக்குச் சாய்ப்போம். காய்ச்சலில் வலிப்பு வந்தால் கையில் பூட்டுத் திறக்கிற இரும்புத் திறப்பையும் வாயில் கரண்டியையும் வைப்போம். தொண்டையில் ஏதாவது சிக்கினால் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவுவோம்.

'செய்யக் கூடாதவை' பக்கம் நிரம்பிவிட்டது. மிஸ் நடுக்கோட்டை அழித்து, மறு பக்கத்துக்குள்ளும் எழுதினார். எழுதி முடித்துக் கையில் இருந்த சுண்ணக்கட்டித் தூளைத் தட்டினார்.

"இவ்வளவும் செஞ்சீங்களா?"

"ஓம் மிஸ்" என்றார் கனகம் அக்கா.

"பிள்ளைகள் எல்லாம் உயிரோட இருக்கினமா?"

"கடவுள் புண்ணியத்தில ஒரு குறையும் இல்ல மிஸ்."

மிஸ் கரும்பலகையை ஒருமுறை மேலிருந்து கீழே வாசித்தார். "இந்தக் கரையில பிள்ளைகள் நல்ல பலசாலிகள்" என்றார்.

இரண்டு வாரம் பழக்கிய பிறகு முதலாவது பரீட்சை. பொம்மை பாயில் கிடக்கும். உள்ளே வந்து, இடம் ஆபத்தில்லாததா என்று பார்த்து, பிள்ளையைத் தட்டிக் கூப்பிட்டு, உதவிக்கு ஆள் அழைத்து, அம்புலன்ஸுக்குச் சொல்லவைத்து, மூச்சைப் பார்த்து, முப்பது தரம் அழுத்தி, இரண்டு தரம் ஊத வேண்டும். ஸ்டொப்வாச் ஓடும்.

நான் உள்ளே போனதும், பழக்க தோஷத்தில், சிலுவை அடையாளம் போட்டு ஒரு அருள்நிறை மரியே சொன்னேன். "அன்ரி, பதினெட்டு செக்கன். ஜெபத்தை அழுத்தி அழுத்திச் சொல்லியிருந்தா பாஸ். சும்மா நிண்டு சொன்னபடியா பெயில்" என்றார் மிஸ்.

ஃபரீதா பொம்மையின் நெஞ்சில் பூவை வைப்பதுபோலக் கையை வைத்தாள். பலமாக அழுத்தச் சொன்னால், "சின்னப் புள்ள மிஸ், நோகும்" என்று கண் கலங்கினாள்.

"அது மூச்சில்லாமக் கிடக்குது. நோகட்டும்."

"அப்ப நீங்க அமத்துங்க மிஸ். எனக்கு ஏலா."

பெயில்.

கனகம் அக்கா வாசலில் நின்று பொம்மையைக் கண்டதும் இடுப்பில் கை வைத்தார். "ஆரடி இதுக்குத் தாய்? பிள்ளையை இப்படிப் போட்டுட்டு எங்க போய்ட்டாள்?" என்று தொடங்கினார். பிறந்த பிள்ளையை எப்படிப் பார்க்க வேண்டும், இந்தக் காலத்துப் பெட்டைகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று சொல்லி முடிக்கும்போது ஸ்டொப்வாச்சில் நான்கு நிமிஷம். இல்லாத ஒரு தாயை அவ்வளவு நேரம் ஏசியதற்காகப் பெயிலான ஆள் நாட்டிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அதற்குப் பிறகு மிஸ் சொல்லாமல் கொள்ளாமல் வரத் தொடங்கினார். பின் வேலியால் வந்து பொம்மையை எங்காவது போட்டுவிட்டு, தென்னை மரத்துக்குப் பின்னால் ஸ்டொப்வாச்சோடு நிற்பார். ஊஞ்சலுக்குக் கீழே, கழிவறை வாசலில், ஒரு நாள் உடுப்புத் தோய்க்கிற தொட்டியில். தொட்டிக்குள் குப்புறக் கிடந்ததைக் கண்ட ஃபரீதா "யா அல்லாஹ்!" என்று கத்தி, தென்னந்தோட்டத்தை இரண்டு சுற்றுச் சுற்றி ஓடி வந்து, பிறகுதான் தொட்டிக்குள் கையை விட்டாள்.

"ரெண்டு நிமிஷம் பதினாலு செக்கன். பிள்ளை மௌத்து" என்றபடி மிஸ் மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார்.

ஃபரீதா அன்று பகல் சாப்பிடவில்லை. என்றாலும் தன் தமக்கை மகளின் கல்யாணத்துக்கு மிஸ்ஸைக் கூப்பிட்டாள். அவளுடைய மனம் அப்படி. மண்டபத்தில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு தட்டு முந்திரிகைப் பழம், உருண்டு திரண்ட கறுப்புத் திராட்சை, வைத்திருந்தார்கள். சுற்றிவரச் சின்னப் பிள்ளைகள். மிஸ்ஸுக்குப் புரியாணி இறங்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, பழங்களை ஒவ்வொன்றாக நீளவாக்கில் நான்காக வெட்டத் தொடங்கினார். தன் மேசையை முடித்து அடுத்த மேசைக்குப் போனார். அதற்கடுத்த மேசைக்கும் போனார். முழுப் பழம் சின்னப் பிள்ளையின் மூச்சுக்குழாயை அச்சாக அடைக்கும் என்று அவர் ஒருவருக்கும் விளக்கவில்லை. வெட்டவே நேரம் போதவில்லை. இது சிலாபத்துப் பக்கத்தில் பொண்ணு மாப்பிள்ளைக்கு நல்லதுக்குச் செய்கிற வழக்கமாக்கும் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா எழுந்து போய்க் குசினியிலிருந்து கத்தி கொண்டு வந்து தானும் வெட்டினார். இப்போது அந்தக் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்திலும் முந்திரிகைப் பழத்தை வெட்டித்தான் வைக்கிறார்களாம்.

இரண்டாவது பரீட்சைக்கு முன் நான் ஒரு வேலை செய்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நல்ல இறால் கருவாடு ஒரு பொதி கட்டி மிஸ்ஸின் கையில் கொடுத்தேன். மிஸ் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். அடுத்த நாள் பரீட்சை முடிந்ததும் பக்கத்தில் வந்தார்.

"கருவாடு நல்ல ருசி அன்ரி. கத்தரிக்காயோட வெச்சன்."

"அப்படியா மிஸ்?"

"ஓம். நீங்க பெயில்."

மூன்று பேரும் பெயில். தவணை முடியப் பத்து நாள்தான் இருந்தது. தாய்மார் பிள்ளைகளை விட வரும்போது ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். யூட்டின் தாய் மட்டும் ஒரு நாள் நின்று, "டீச்சர், மூடினா இவனை வாடிக்குத்தான் கொண்டு போகணும். கத்தி, ஐஸ், உப்புத் தண்ணி. இவன் ஒரு இடத்தில இருக்கிற ஆளில்ல" என்றாள். யூட்டுக்கு இரண்டரை வயது. கண் மூடித் திறப்பதற்குள் கூரையில் இருப்பான். நான் அன்று பின்னேரம் பொம்மை மிஸ்ஸைத் தனியாகக் கூப்பிட்டுக் கோபமாகவே கதைத்தேன்.

"மிஸ், ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். உங்களுக்கு அதில என்ன நட்டம்?"

"எனக்கு ஒரு நட்டமும் இல்ல அன்ரி."

"அப்ப?"

"நான் கையெழுத்து வெச்சா முப்பத்திரண்டு தாய்மார் அதை நம்பி வேலைக்குப் போவினம்."

அன்றிலிருந்து நாங்கள் மூவரும் பிள்ளைகள் நித்திரை கொள்கிற பகல் நேரத்தில் தலையணையை அழுத்தப் பழகினோம். ஃபரீதாவின் கையில் பலம் வந்தது. நான் அருள்நிறை மரியேயை அழுத்தி அழுத்திச் சொல்லப் பழகினேன். கனகம் அக்கா மட்டும் தலையணையின் தாயையும் ஏசினார்.

மூன்றாவது பரீட்சை நாளில் நான்தான் முதல். பொம்மை கூடத்தில் கிடந்தது. மிஸ் அதன் தலைமாட்டில் ஸ்டொப்வாச்சோடு நின்றார். ஃபரீதா பிள்ளைகளை மறு அறையில் படுக்கவைத்துவிட்டு வாசலில் நின்று பார்த்தாள். கனகம் அக்கா தன் முறை வருமட்டும் குசினி வாசலில் குந்தி இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் முப்பது அழுத்தி, இரண்டு ஊதி, மறுபடியும் எண்ணத் தொடங்கினேன். பதினேழு வரை வந்திருப்பேன்.

நித்திரை கொள்ளாமல் எழும்பி வந்த யூட் குசினிப் பக்கச் சுவரோடு நின்றான். துருவலையடியில் துண்டாய்க் கிடந்த தேங்காய்ச் சொட்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டிருக்கிறான். அழவில்லை. இருமவில்லை. வாயைத் திறந்தபடி நிற்கிறான். சத்தம் வரவில்லை. உதடு கறுத்து வருகிறது.

கண்டது பொம்மை மிஸ். "பிள்ளை..." என்றார். அதற்குமேல் அவர் வாயும் திறக்கவில்லை, காலும் அசையவில்லை.

கனகம் அக்கா திரும்பிப் பார்த்தார். துருவிய தேங்காயைத் தள்ளிவிட்டு, யூட்டை இழுத்து, தொடையில் குப்புறச் சாய்த்துத் தலையைக் கீழே விட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையால் அடித்தார்.

"ஒண்டு. ஆரடா உனக்குத் தேங்காய் தந்தது? ரெண்டு. கேட்டா நான் தரமாட்டனா? மூண்டு. உன்ர அம்மா வரட்டும். நாலு. அஞ்சு."

வரவில்லை. என்றாலும் அக்கா வாய்க்குள் விரலை விடவில்லை. பிள்ளையை நிமிர்த்தி, பின்னால் முழந்தாளில் நின்று, தொப்புளுக்கு மேலே ஒரு கை முட்டியை வைத்து, மறு கையால் அதைப் பொத்தி, உள்ளுக்கும் மேலுக்குமாக இழுத்தார். அதற்குள் ஃபரீதா அம்புலன்ஸுக்கு அழைத்து, இடத்தையும் பிள்ளையின் வயதையும் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாசலைத் திறந்து வைத்துவிட்டு, மயங்கினால் அழுத்துவதற்காகப் பக்கத்தில் முழந்தாளில் இருந்தேன். எங்களில் ஒருவரும் கத்தவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

மூன்றாவது இழுப்பில் தேங்காய்ச் சொட்டு வெளியே வந்து விழுந்தது. யூட் ஒரு மூச்சு இழுத்தான். பிறகு கத்தினான் பாருங்கள், மற்ற முப்பத்தொரு பிள்ளைகளும் எழும்பிவிட்டார்கள். கனகம் அக்கா அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஏச்சைத் தொடர்ந்தார். வயிற்றை அழுத்தி எடுத்தால் கட்டாயம் வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்று படித்திருந்தோம். அம்புலன்ஸில் ஃபரீதா கூடப் போனாள். பின்னேரம், தாயின் இடுப்பில் இருந்துகொண்டு, ஒன்றும் நடக்காதவன்போல் பாண் சாப்பிட்டபடி யூட் திரும்பி வந்தான்.

பொம்மை மிஸ் நின்ற இடத்திலேயே நின்றார். ஸ்டொப்வாச் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்தேன்.

"அன்ரி, நான் உயிருள்ள பிள்ளைக்கு ஒருக்காவும் செஞ்சதில்ல" என்றார். குரல் மிகச் சின்னதாக இருந்தது. "எனக்குத் தம்பி தங்கச்சி இல்ல. ஒரு பிள்ளையைத் தூக்கிக்கூடப் பழக்கமில்ல. நான் அப்படியே நிண்டுட்டன்."

தேத்தண்ணியைக் குடித்து முடித்ததும் பெறுபேற்றுத் தாளை எடுத்தார். மூன்று பெயருக்கும் நேரே 'சித்தி' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். பிறகு அடியில் நான்காவதாகத் தன் பெயரை எழுதி, அதற்கு நேரே 'சித்தியில்லை' என்று எழுதினார்.

"மிஸ், இது என்ன விளையாட்டு?" என்றேன்.

"விளையாட்டில்ல அன்ரி. கனகம் அக்கா என்னைப் பழக்கிப் பரீட்சை வைக்கணும்."

கனகம் அக்கா மறுப்பார் என்று நினைத்தேன். அவர் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, "சனிக்கிழமை ஏழு மணிக்கு வாங்க. பொம்மை வேணாம்" என்றார்.

மிஸ் வந்தார். ஐந்து சனிக்கிழமை வந்தார். முதல் நாள் கனகம் அக்கா ஒரு பிள்ளையைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்.

"மிஸ், பிள்ளையைப் பிடிக்கச் சொன்னன். முட்டைத் தட்டைப் பிடிக்கச் சொல்லேல்ல."

"சரி அக்கா."

"பெயில்."

அப்படியே ஒவ்வொரு சனிக்கிழமையும். பிள்ளைக்குச் சோறு தீத்தினார், பாதி மிஸ்ஸின் சட்டையில். குளிப்பாட்டினார், குளித்தது மிஸ். ஒரு நாள் பதினொரு பிள்ளைகளைப் படுக்கவைக்கப் போய்த் தானும் அவர்களோடு நித்திரையாகிவிட்டார். அதற்கும் பெயில். சொன்னால் நம்பமாட்டீர்கள், கனகம் அக்கா இரக்கமே காட்டவில்லை. ஃபரீதாதான் இரக்கப்பட்டாள். "பாவம் மிஸ், பாஸாக்கி விடுங்க ராத்தா" என்று கனகம் அக்காவிடம் கெஞ்சினாள்.

ஐந்தாவது சனிக்கிழமை ஒரு பெண் பிள்ளை சீசோவிலிருந்து விழுந்து மூக்கால் இரத்தம் ஓடியது. கனகம் அக்கா என் கையைப் பிடித்து நிற்பாட்டினார். மிஸ் போனார். பிள்ளையை மடியில் இருத்தி, தலையை முன்னுக்குச் சாய்த்து, மூக்கின் மெத்தென்ற பாகத்தைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சு விடச் சொன்னார். பத்து நிமிஷம் விடக் கூடாது. பிள்ளை அழுதது. மிஸ், முன்னேஸ்வரத் தேருக்குக் கூட்டிப் போன ஒரு ஆட்டுக்குட்டி பலூன் கேட்டு அடம்பிடித்த கதை ஒன்றை அந்த இடத்திலேயே உண்டாக்கிச் சொன்னார். வெள்ளைச் சட்டை முழுக்க இரத்தம். ஸ்டொப்வாச்சை அவர் பார்க்கவில்லை. கனகம் அக்காதான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரத்தம் நின்றது. பிள்ளை மிஸ்ஸின் தோளில் தலையை வைத்தது.

"பாஸ்" என்றார் கனகம் அக்கா. பிறகு குசினிக்குள் போய், ஒரு காரணமும் இல்லாமல் சட்டிப் பானைகளைச் சத்தமாகக் கழுவினார்.

அடுத்த வருஷம் மிஸ்ஸுக்கு மன்னாருக்கு மாற்றம் வந்தது. அங்கேயே கல்யாணமும் முடித்தார். எங்கள் சான்றிதழ்கள் மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும். காலம் முடிந்தபோது புத்தளத்திலேயே எங்களைச் சோதிக்க ஆள் இருந்தார்; நல்ல மனிதர், ஒருவரையும் பெயிலாக்குவதில்லை என்று கேள்வி. நாங்கள் மூன்று பேரும் ஒரு வாடகை வான் பிடித்து, விடிய வெளிக்கிட்டு மன்னாருக்குப் போனோம்.

மிஸ் எட்டு மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். மெலிந்திருந்தார். எங்களைக் கண்டதும் சிரிக்கவில்லை. கனகம் அக்காவின் நகங்களைப் பார்த்தார், வெட்டியிருக்கிறதா என்று. பிறகு பிள்ளையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"களைச்சு வந்திருப்பீங்க. இருங்க, தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறன். பரீட்சை பிறகு."

குசினி வீட்டின் பின்பக்கத்தில் இருந்தது. கேத்திலுக்குத் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. சீனிப் போத்தலைத் தேடுகிற சத்தம் கேட்டது. தேத்தண்ணி வரப் பத்து நிமிஷத்துக்குமேல் ஆகியிருக்கும். அந்த நேரம் முழுக்க மிஸ், முப்பத்துமூன்றாவது தாய்போல, ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் அந்தப் பிள்ளையை மாறி மாறி மடியில் வைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.